சப் நடுவில் மட்டும் இடிக்கிறது, பக்கத்தில் பாஸ் இல்லை

கல்லடி: அண்ணன்மார், கடற்கரைத் திறந்தவெளியில் மேடைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு 18 அங்குல சப் (பாஸ் என்ற தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வைத்தால் நடுவில் நெஞ்சில் இடிக்கிறது, கொஞ்சம் விலகி நின்றால் பாஸே இல்லை. ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் இடத்தில்) பாஸைக் கூட்டவா?

அக்கரைப்பற்று: கூட்டாதீர்கள் தம்பி, ஈக்யூவால் இது தீராது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 5.8 மீற்றர், அதனால் இரு பக்கச் சப்புக்குமான தூர வித்தியாசம் அதில் பாதி, 2.9 மீற்றர், ஆகிற இடத்தில் இரண்டு சத்தமும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். நாலையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாக அடுக்குங்கள்.

களுவாஞ்சிகுடி: சரி, அப்புறம் டொப்போடு (மற்ற ஒலிகளுக்கான மேல் ஸ்பீக்கர்) டிலே, அதாவது ஒலியைத் தாமதப்படுத்தும் அளவு, பார்க்க வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கிராஸ்ஓவர் (சப்புக்கும் டொப்புக்கும் ஒலி பிரியும் இடம்) 90 ஹெர்ட்ஸ் என்றால் அந்த ஹெர்ட்ஸில் ஒரு டோனைப் போட்டு, சப்பின் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) திருப்பி, சத்தம் ஆகக் குறையும் வரை டிலேயை மாற்றி, பிறகு போலாரிட்டியைப் பழையபடி விடுங்கள், அப்போது இரண்டும் ஒன்றாகச் சேரும்.

கல்லடி: சப்புக்குப் போகும் ஒலியில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டவா?

அக்கரைப்பற்று: கட்டாயம். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டியில் அதன் ட்யூனிங்குக்கு, அதாவது அந்தத் துளை அமைக்கப்பட்ட ஹெர்ட்ஸுக்கு, கீழே கோன் (ஸ்பீக்கரின் அசையும் பகுதி) கட்டுப்பாடில்லாமல் ஆடும்.