ராஜபார்ட்டை கேபிள் டிவி ஓட்டில் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி (கும்பகோணம்): மாசி மகத்துக்கு இசை நாடகம் போடுறோம். ராஜபார்ட்டுக்கு (கதாநாயக வேஷத்துக்கு) லோக்கல் சேனலில் மக்கள் ஓட்டு வைக்கலாமா?

பதில் (மயிலாடுதுறை): தாராளமா வைங்கண்ணே, ஆனா நாடக வாத்தியார் வடிகட்டின பிறகு. 2006ல் பிபிசி டிவி போட்டியில் கானி ஃபிஷரை மக்கள் ஓட்டு 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' இசை நாடகத்தின் நாயகி மரியாவாக்கியபோதும் இறுதிப் பட்டியல் நடுவர்கள் போட்டதுதான்.

பதில் (திருவாரூர்): டிவியில் மூணு நிமிஷப் பாட்டை யாரும் ஜமாய்ச்சிடுவாங்க. நம்ம நாடகம் ராத்திரி 10 மணிக்குத் தொடங்கி விடியவிடிய. ஆர்மோனியத்தோடு 5 கட்டை சுருதியில் 2 மணி நேரம் பாடவிட்டுப் பாருங்க. தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) சுருதி இறங்கினா ஓட்டுக்கே அனுப்பாதீங்க.

பதில் (மன்னார்குடி): மிஸ்டு கால் ஓட்டுன்னா போட்டியாளர் ஆளுக்கொரு நம்பர், ஒரு போனுக்கு ஒரே ஓட்டு. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் லைனைத் திறங்க. முன்னாடியே திறந்தா பாட்டைக் கேட்காமலே சொந்த ஊர்க்காரங்க குத்திடுவாங்க, நல்ல குரல் அடிபடும். இரண்டாவது வந்தவரும் வசனம் மனப்பாடம் பண்ணட்டும், தொண்டை கட்டினா அவர்தான் ஏறணும்.