பேஸ்பால் பேட்டிங் ஆர்டர் போட தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லித் தாங்க

மக்களே ஒரு உதவி வேணும். குளச்சல் பக்கம் எங்க ஊர்ப் பயலுவள வச்சு பேஸ்பால் டீம் நடத்துறோம், வாற ஞாயிறு மார்த்தாண்டத்துல மேட்ச், இன்னும் 9 பேரோட பேட்டிங் ஆர்டர் முடிவாகல. எனக்க குழப்பம் என்னன்னா, ஒருத்தன் வள்ளத்துல போறவன், வலை இழுத்த கை, பட்டா பந்து தென்னந்தோப்புக்குள்ள போயி விழும், ஆனா அடிக்கடி மூணு ஸ்ட்ரைக்ல அவுட் ஆவதும் அவன்தான். இன்னொருத்தன் சின்னப் பய, கெட்ட பந்துக்கு பேட்ட அசைக்கவே மாட்டான், நாலு கெட்ட பந்த விட்டு வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போறது) வாங்கி முதல் பேஸ்ல நிப்பான், அடுத்த பந்துலயே ரெண்டாவது பேஸ திருடிருவான், அதாவது யாரும் அடிக்கிறதுக்கு முன்னமே ஓடிப் பிடிச்சிருவான். இவன முதல்லயும் அவன நாலாவதும் விடுறதுதான் பழைய வழக்கம். ஆனா மேல இருக்கவனுக்குத்தானே அதிக தடவை பேட்டிங் வரும், 2024ல அமெரிக்க டீம் டாட்ஜர்ஸ், முதல்ல ஆடிட்டு இருந்த பெட்ஸுக்கு அடி பட்டதும், பெரிய அடிக்காரர் ஒஹ்தானியையே முதல் ஆளா இறக்குச்சு, அந்த வருஷம் ஒஹ்தானிக்கு 54 ஹோம் ரன்! அப்புறம் 9வது ஆளு முடிஞ்சா திரும்ப முதல் ஆளுதான் வருவான், அதனால கடைசிலயும் நல்லா ஓடுறவன வைக்கணுமோ? ரெண்டாவது எடத்துக்கு யாருன்னே புரியல. ஆடினவங்க, கோச்சிங் குடுத்தவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, பயலுவ ரொம்ப ஆசையா இருக்கானுவ.