கணைய அழற்சியிலிருந்து தேறிவரும் நாய்க்கு விடியற்காலையில் மஞ்சள் வாந்தி: உணவில் என்ன மாற்ற வேண்டும்?

மும்பை செம்பூரிலிருந்து கேள்வி

வணக்கம். எங்கள் சிட்டு எட்டு வயதுப் பொமரேனியன், பெண், எடை 6 கிலோ. சென்ற வாரம் திடீரென்று விடாமல் வாந்தி எடுத்தாள். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையோடு பதித்து, இடுப்பை மட்டும் உயரத் தூக்கியபடி நடுங்கிக்கொண்டே நின்றாள். வயிற்றில் கை வைத்தால் முனகினாள். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துவிட்டுக் கணைய அழற்சி என்றார்கள். கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற நொதியின் அளவு ரத்தத்தில் 400ஐத் தாண்டியிருந்தது. சலைன் ஏற்றி, வாந்திக்கும் வலிக்கும் ஊசி போட்டார்கள். கொஞ்சம் சாப்பிட்டு அது வயிற்றில் தங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். உணவைப் பற்றி, "லேசாகக் கொடுங்கள், எண்ணெய் வேண்டாம்" என்றதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகத்தான் இருந்தாள். வாலை ஆட்டினாள், வாசல்வரை நடந்தாள். இப்போது விடியற்காலையில் மஞ்சளாக, நுரையோடு ஒருமுறை வாந்தி எடுக்கிறாள். பகலில் சாப்பிடுகிறாள். மாலையானால் சோர்ந்து படுத்துக்கொண்டு தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காலையும் இரவும் கோழிக்கறியும் சாதமும் வேகவைத்துக் கொடுக்கிறோம். மதியம் குழையப் பிசைந்த தயிர்சாதம். எண்ணெய், மசாலா, உப்பு எதுவும் இல்லை. அம்மா இரவெல்லாம் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார். சின்ன அசைவுக்கும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நோய் திரும்புகிறதா? எங்கே தவறுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து பதில்

சகோதரி, எங்களிடம் இருப்பது மினியேச்சர் ஷ்னாசர். இந்த நோயை இரண்டு தடவை பார்த்துவிட்டோம் என்பதால் உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. சில விவரங்கள் வேண்டும். கோழியில் எந்தப் பாகம், தோலோடா தோல் இல்லாமலா? வெந்த தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? தயிர் எந்தப் பாலில் தோய்த்தது? மாத்திரையை எதில் வைத்துக் கொடுக்கிறீர்கள்? இரவு கடைசி உணவு எத்தனை மணிக்கு, காலை முதல் உணவு எத்தனை மணிக்கு? வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாராவது கையில் எதையாவது வைத்து ஊட்டுகிறார்களா?

கடைசிக் கேள்வியை எல்லோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் காவலாளி முதல் மூன்றாம் மாடிப் பாட்டி வரை ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்கு வெகுநாள் தெரியாது.

மாதுங்காவிலிருந்து பதில்

லங்கணம் பரம ஔஷதம் என்பார்கள், அம்மா. ஒரு முழு நாள் பட்டினி போட்டு, வெறும் தண்ணீரும் துளி பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த நாய்கள் எல்லாம் அப்படித்தான் தேறின. கணையத்துக்கு ஓய்வு கிடைத்தால் தானே ஆறிவிடும்.

முலுண்டிலிருந்து பதில் (கால்நடை மருத்துவர்)

பெரியவர் சொல்வதில் ஒரு காலத்து மருத்துவமும் இருக்கிறது. முன்பெல்லாம் நாங்களும் கணைய அழற்சி என்றால் நாள் கணக்கில் வாயைக் கட்டிவிடுவோம். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கிறது. அவை குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் செயல்படத் தொடங்க வேண்டும். இந்த நோயில் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கின்றன. எனவே உணவை நிறுத்தினால் சுரப்பும் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். இன்று அப்படிச் செய்வதில்லை. குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய ஊட்டத்தின் பெரும்பகுதியை உள்ளே வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பட்டினி நீண்டால் அந்தச் சுவர் மெலிந்து, கிருமிகள் ரத்தத்துக்குள் கசிய வழி ஏற்படும். ஆகவே வாந்தியை மருந்தால் அடக்கிவிட்டு, கூடிய சீக்கிரம் கொழுப்புக் குறைந்த உணவைச் சிறுகச் சிறுகத் தொடங்குகிறோம். 6 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுப் பட்டினி வேண்டாம். பெருங்காயமும் வேண்டாம்.

விடியற்காலை மஞ்சள் வாந்திக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வயிறு நெடுநேரம் காலியாக இருக்கும்போது பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி வருவது. இரண்டு, கணையத்தின் எரிச்சல் இன்னும் அடங்காமல் குமட்டல் தொடர்வது. மாலையில் சோர்ந்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவதை ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் இன்றே இதைச் சொல்லுங்கள். வாந்தியை அடக்கும் மரோபிட்டன்ட் மருந்தை இன்னும் சில நாள் நீட்டிக்க வேண்டியிருக்கலாம். வலி இருந்தால் நாய் சாப்பிடாது. அதற்கும் மருந்து உண்டு. ஆனால் வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களின் வலி மாத்திரை ஒன்றே சிறிய நாயின் ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பலமுறை வாந்தி, தண்ணீர் தங்காமை, முழு நாள் எதையும் தொடாமை, மறுபடியும் அந்தக் குனிந்த நிலையில் நிற்பது, கண்வெள்ளையோ ஈறோ மஞ்சளாவது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் கணையத்தை ஒட்டியே போகிறது. வீங்கிய கணையம் அதை நெருக்கினால் மஞ்சள் காமாலை வரும். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலும், ஈறு ஈரமின்றிப் பிசுபிசுவென்று ஒட்டினாலும் உடனே கிளம்புங்கள். பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனையும், மகாலட்சுமியில் 2024இல் திறந்த டாடா அறக்கட்டளைகளின் சிறுபிராணி மருத்துவமனையும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அவசரத்துக்கு எந்த நேரத்தில் எங்கே போகலாம் என்பதை இப்போதே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள்.

செம்பூரிலிருந்து

டாக்டர், மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்; மாலையில் கொண்டுவரச் சொன்னார்கள். டோம்பிவிலி அண்ணன் கேட்டவற்றுக்குப் பதில்: கோழியில் கால் பாகம், தோல் உரித்துத்தான் வாங்குகிறோம். வெந்த தண்ணீரைச் சாதத்தில் ஊற்றிப் பிசைகிறோம். அந்த வாசனைக்குத்தான் வாயைத் திறக்கிறாள். தயிர், தபேலாவிலிருந்து (எருமைத் தொழுவத்திலிருந்து) வரும் பாலில் வீட்டிலேயே தோய்ப்பது. மாத்திரை ஒவ்வொரு வேளையும் பாதி சீஸ் கட்டிக்குள் வைத்து, காலையும் இரவும். இரவு எட்டு மணிக்குக் கடைசிச் சாப்பாடு, மறுநாள் எட்டு மணிக்கு முதல் சாப்பாடு. வெளியே யாரும் எதுவும் கொடுப்பதில்லை.

டோம்பிவிலியிலிருந்து பதில்

தயிர்சாதத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். காய்ச்சலோ வயிற்றுக்கோளாறோ, நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எண்ணெய் இல்லை, காரம் இல்லை, குளிர்ச்சி. ஆனால் கணையம் காரத்தையும் குளிர்ச்சியையும் பார்ப்பதில்லை, கொழுப்பைத்தான் பார்க்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓய்வில் இருக்கும் 6 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி வேண்டும். இந்த நோயில் 1,000 கலோரிக்கு 20 கிராம் கொழுப்புக்குள் நிறுத்தும்படி எங்கள் மருத்துவர் சொன்னார். அப்படியானால் சிட்டுவுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி நெய்யே 5 கிராம் வந்துவிடும்! எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம். 100 கிராம் தயிரிலேயே நாளின் ஒதுக்கீடு முடிந்துவிட்டது. சீஸ் கட்டி 20 கிராம் என்றால் அதில் கால் பங்கு கொழுப்பு. இரண்டு வேளைக்குமாகச் சேர்ந்து இன்னொரு 5 கிராம். இதற்கு மேல் கால்கறியும் அதன் சாறும். ஒரு சொட்டு எண்ணெய் விடாமலே அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இதை யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது. "எண்ணெய் வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தையில் இவ்வளவும் அடங்கவில்லை.

கால்கறிக்குப் பதில் தோலில்லாத நெஞ்சுக்கறி வாங்குங்கள். வெந்த நெஞ்சுக்கறி 65 கிராம், குழைய வடித்த வெள்ளைச் சாதம் 125 கிராம்: இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 270 கலோரி, கொழுப்பு 3 கிராமைத் தாண்டாது. சமையலறைத் தராசில் நிறுத்தே போடுங்கள், கண்ணளவு வேண்டாம். சாறு வேண்டுமென்றால் நெஞ்சுக்கறி வெந்த தண்ணீரைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக ஓர் ஆடை உறைந்திருக்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, அடியிலிருக்கும் தெளிந்த சாற்றை வெதுவெதுப்பாக்கி இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் போதும். வாசனை முழுக்க அதில்தான் இருக்கும். வெங்காயம், பூண்டு மட்டும் அந்தப் பாத்திரத்தின் பக்கமே வரக்கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

முலுண்டிலிருந்து பதில் (கால்நடை மருத்துவர்)

கணக்கு சரி. இந்த அளவை ஐந்து பங்காக்குங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒரு சிறு உருண்டை, காலை ஆறு மணிக்கு இன்னொன்று. பித்தநீர் வாந்தி என்றால் இந்த மாற்றத்திலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகும் வந்தால் காரணம் கணையம் என்று எடுத்துக்கொள்ளலாம். மாத்திரையை நெஞ்சுக்கறித் துணுக்கிலோ மசித்த பரங்கிக்காயிலோ பொதிந்து கொடுங்கள். விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். சில மாத்திரைகள் உலர்ந்தபடி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகும்.

சாப்பிட மறுத்தால் வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். குமட்டலோடு திணித்த உணவைச் சில நாய்கள் பிறகு முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள்.

மாதுங்காவிலிருந்து

டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குடல் சுவருக்கு உணவே ஊட்டம் என்பது எனக்குப் புதிய செய்தி. அம்மா, நெஞ்சுக்கறி மட்டும் தனியாக வாங்க மாதுங்கா சந்தைக்கு வந்தால் சொல்லுங்கள், எனக்குப் பழக்கமான கடை இருக்கிறது; தோலையும் மஞ்சள் கொழுப்பையும் சுத்தமாக எடுத்துத் தருவார்.

செம்பூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஐயாவின் கடையில்தான் வாங்கினோம். வாந்தி மருந்தை மருத்துவர் நீட்டித்தார். சீஸ், தபேலாத் தயிர் இரண்டையும் நிறுத்தி, இரவு உருண்டையைத் தொடங்கிய பிறகு மஞ்சள் வாந்தி வரவில்லை. மாலைச் சோர்வும் போய், தட்டு வைக்கும் சத்தத்துக்கு எழுந்து வருகிறாள். மறுபரிசோதனையில் லைபேஸ் 200க்குக் கீழே இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்த ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் அளவும் சரியாகவே இருக்கிறது. இந்தக் கோழி சாதத்தையே தொடரலாமா? அடுத்த மாதம் கணபதி வருகிறார். பக்கத்து வீட்டில் மோதகம் செய்வார்கள், சிட்டு என்றால் அவர்களுக்கு உயிர். அதுதான் கவலை.

முலுண்டிலிருந்து பதில் (கால்நடை மருத்துவர்)

நல்ல செய்தி. ட்ரைகிளிசரைடு உயர்ந்திருந்தால் ஷ்னாசர் போல வாழ்நாள் முழுவதும் கடும் பத்தியம் வேண்டியிருக்கும். சிட்டுவுக்கு அந்த அளவு இல்லை. ஆனாலும் ஒருமுறை வந்தது திரும்ப வரலாம் என்பதால் பழைய கொழுப்புக்குப் போக வேண்டாம். கோழியும் சாதமும் சில வாரங்களுக்குத்தான். அதில் சுண்ணாம்புச் சத்தும் பல வைட்டமின்களும் போதாது. செரிமானக் கோளாறுக்கென்று மருத்துவர் எழுதிக்கொடுக்கும் கொழுப்புக் குறைந்த உலர் உணவுக்கு மாறுங்கள். பொட்டலத்தில் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈர உணவின் சதவீதத்தை இதோடு ஒப்பிடாதீர்கள். அதில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் எண் சிறிதாகத் தெரியும். நான்கில் ஒரு பங்காகத் தொடங்கி ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றுங்கள். இனிமேல் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால் சர்க்கரை பாருங்கள். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு நிறையப் போய், உடம்பும் மெலிந்தால் நொதிச் சுரப்பைச் சோதிக்க வேண்டும். கணையம் பலமாகப் பாதிக்கப்பட்ட நாய்களில் இரண்டும் பின்னால் வரலாம்.

மோதகம் கூடவே கூடாது. தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதன்மேல் நெய். அதைவிட, பலர் பூரணத்தில் உலர்திராட்சை சேர்ப்பார்கள்; அது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், எத்தனை தின்றால் என்று எல்லை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வேகவைத்த நெஞ்சுக்கறித் துணுக்குகளை ஒரு சின்ன டப்பாவில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஆசையாக ஊட்ட அவர்கள் கையில் அது இருக்கட்டும். மீறி உலர்திராட்சை உள்ளே போய்விட்டால் வாந்தி வருகிறதா, சோர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த மணி நேரத்துக்குள்ளேயே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.