'பாலினம்' கட்டத்தில் கை நின்றுபோன அனுபவம் உண்டா? பகிருங்கள்

பிழைதிருத்தி:

இருபது வருடமாகப் பத்திரிகையில் மெய்ப்பு பார்க்கிறேன். ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு மேல் ஒரு விபத்துச் செய்தி வந்தது. புறவழிச்சாலையில் லாரி மோதி ஒருவர் பலி. காவல் நிலையக் குறிப்பில் பழைய ஆண் பெயரும் 'வாலிபர்' என்ற சொல்லும் இருந்தன. நிருபர் போனில், "அண்ணே, தெருவே அக்கா அக்கான்னு அழுவுது" என்றார். பக்கம் முடிக்கக் கால் மணி நேரம்தான் பாக்கி. செய்திக்குள் 'உயிரிழந்தார்' என்று இருந்ததால் வினைச்சொல் என்னைக் காப்பாற்றிவிட்டது. தலைப்பு காப்பாற்றவில்லை. 'வாலிபர் பலி'யை அடித்து 'திருநங்கை பலி' என்று மாற்றினேன்.

மறுநாள் பஞ்சாயத்து. ஆதாரில் இருப்பதைத்தானே போட வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் 'மூன்றாம் பாலினத்தவர்' என்று போடச் சொன்னார். 2019 கடைசியில் அப்படி ஓர் அரசாணை வந்ததும், அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் உண்மைதான். முதல் பால் யார், இரண்டாம் பால் யார் என்று கேட்டேன், பதில் வரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'அரவாணி' என்று போடுவோம். 2008ல் நலவாரியம் அமைந்தபோதும் அந்தப் பெயர்தான். அப்புறம் 'திருநங்கை'. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதால் 2022ல் அரசிதழிலேயே ஒரு சொற்பட்டியல் வந்தது. திருநர் (எல்லாருக்குமான பொதுச்சொல்), திருநம்பி (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்), பால்புதுமையர் (ஆங்கிலத்தில் 'குயர்') எல்லாம் அதில் இருக்கின்றன. அதை அச்செடுத்து மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

சர்வர் டவுன்:

ஈ-சேவை மையம் நடத்துகிறேன். 2022ல் ஓர் அக்கா சான்றிதழுக்கு வந்தார். வயது ஐம்பதுக்கு மேல், சுங்குடிப் புடவை, கையில் மஞ்சப்பை. அதற்குள் நாலு அட்டைகள், நாலிலும் நாலு விதம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் வேறு பெயர், ஒன்றில் ஆண், ஒன்றில் 'இதரர்'.

அவருக்கு வேண்டியது 'பெண்' என்ற ஒரே சொல். 2014ல் உச்ச நீதிமன்றம் அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது, ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்பதை அவரவரே சொல்லலாம் என்றது. ஆனால் 2019ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டப்படி அப்போது கலெக்டர் முதலில் கொடுத்தது திருநர் என்ற சான்றிதழ். அதை 'ஆண்' அல்லது 'பெண்' என்று மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்ததற்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். இதை விளக்கியதும் அவர், "கோர்ட்டு நீயே சொல்லிக்கலாம்னுச்சு. கவர்மெண்டு ஆஸ்பத்திரி சீட்டு கேக்குது. நான் யாரு பேச்ச கேக்குறது தம்பி?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு நிஜமாகவே சர்வர் டவுன், நாளைக்கு வரச் சொன்னேன். அவர் வரவில்லை.

ஒரு வாசகர்:

இதெல்லாம் வெளிநாட்டுச் சண்டை சார். நம் மொழியில் ஆண்பால், பெண்பால் தெளிவாக இருக்கிறது. எதற்கு இல்லாத குழப்பம்?

நன்னூல் வாத்தியார்:

தெளிவாக இருக்கிறதா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் நாலாவது நூற்பாவைப் பாருங்கள். 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'க்கென்று தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியையே ஏற்கும் என்கிறது. நன்னூல் இன்னும் வெளிப்படை. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால் என்று போகிறது. பிறந்தது எது என்பதைவிட விரும்புவது எது என்பதற்கு விகுதி கொடுத்திருக்கிறார் பவணந்தி. அதே சூத்திரத்தின் கடைசி வரி அஃறிணை போலவும் வரலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். அந்த வரியை வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அதில் வரும் 'பேடு' என்ற அந்தக்காலச் சொல்லை இன்று யாரையும் பார்த்துச் சொல்லவும் முடியாது.

இன்னொன்று. 'வந்தேன்', 'வந்தாய்' இரண்டிலும் பால் கிடையாது. எதிரில் நின்று பேசும்வரை தமிழ் யாரையும் 'நீ ஆணா, பெண்ணா' என்று கேட்பதில்லை. ஆள் அந்தப் பக்கம் போன பிறகுதான் வந்தானா, வந்தாளா என்று ஆரம்பிக்கிறது. 'வந்தார்' கையிலேயே இருக்கிறது, ஆனால் அதைப் பணக்காரருக்கும் பதவிக்காரருக்கும் மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

விசில்:

டவுன் பஸ் கண்டக்டர். 2021ல் மகளிருக்கு இலவசம் வந்தது, கொஞ்ச நாளில் திருநங்கைகளுக்கும் சேர்த்தார்கள். எங்களுக்கு யாரும் அட்டை பார்க்கச் சொல்லித் தரவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் டிக்கெட்.

ஒருநாள் மீசை அரும்பிய ஒருத்தர் ஏறிப் பணத்தை நீட்டினார். பின் சீட்டில் இருந்த பாட்டி, "அது பொண்ணுய்யா, எங்க தெருதான், ஓசி டிக்கெட்டு குடு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பாட்டி நல்லதுக்குத்தான் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. "பத்து ரூபா, சில்லறையா குடுங்க சார்" என்று டிக்கெட்டைக் கிழித்தேன்.

பாதி மீசை:

அண்ணா, அந்த 'சார்'க்கு நான் நூறு ரூபாயே கொடுத்திருப்பேன்.

நான் திருநம்பி. எனக்கு வரும் தொல்லையே வேறு. அரசாங்கத்தில் எதைத் திறந்தாலும் 'திருநங்கை' என்று இருக்கும். நாங்களும் அதற்குள் அடக்கமாம். ஓர் அலுவலகத்தில் உதவித்தொகை பற்றிக் கேட்கப் போனேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "திருநங்கைன்னா புடவை கட்டிக்கிட்டு வரணும்ல?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். 'திருநர்' என்ற பொதுச்சொல் அரசிதழில் ஏறியது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஊதா மூடி:

நான் லேப் டெக்னீஷியன். இங்கே எல்லாரும் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன். எனக்கு உடம்பைப் பற்றிய தகவல் வேண்டும். எங்கள் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 முதல் 17, பெண்ணுக்கு 12 முதல் 15. போன வருடம் ஒரு திருநம்பிக்கு 16.2 வந்தது. அட்டையில் 'பெண்' என்று இருந்ததால் கம்ப்யூட்டர் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று அடித்துவிட்டது. அவர் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போடுபவர், அவருக்கு அந்த அளவு இயல்பு. பதறிப்போய் இரண்டு நாள் அலைந்திருக்கிறார்.

நேர்மாறாக, 'பெண்' என்று பதிவான ஒரு திருநங்கைக்கு டாக்டர் பிஎஸ்ஏ எழுதியிருந்தார். அது புராஸ்டேட் சம்பந்தப்பட்ட டெஸ்ட். சாஃப்ட்வேர் அந்த டெஸ்டையே காட்டவில்லை. நான் 'ஆண்' என்று மாற்றிப் பதிந்தேன். ரிப்போர்ட்டில் 'திரு' என்று அச்சாகிவிட்டது. அதைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதனால் பால் என்ற கேள்வியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது, பிறப்புச் சான்றிதழே போதும் என்பவர்களோடும் ஒத்துவராது. என்ன ஹார்மோன், என்ன உறுப்பு என்று தனியாக, எப்படி அழைக்கணும் என்று தனியாக இரண்டு கட்டம் இருந்தால் போதும்.

பாதி மீசை:

கோபமெல்லாம் இல்லை. ஊசி போடுறீங்களா என்று தாராளமாகக் கேளுங்கள். கவுண்டரில் பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊதா மூடி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். இப்போதெல்லாம் ரத்தம் எடுக்கிற ரூமுக்குள் வந்த பிறகுதான் கேட்கிறேன். கட்டம் பற்றி மேனேஜரிடமும் கேட்டுவிட்டேன். புதிதாக ஒன்று சேர்க்க சாஃப்ட்வேர்க்காரர்கள் தனியாகக் காசு கேட்கிறார்களாம். அதுவரை ரிப்போர்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.