உமா ஓயாவும் ஜிடிபியும்: வளர்ச்சின்னு எதைத்தான் எண்ணுறோம்?

பண்டாரவளைப் பொடியன்:
நம்ம இலங்கையில உமா ஓயா நீர்மின் திட்டத்துக்கு சுரங்கம் தோண்டுனப்போ தண்ணி உள்ளுக்கு கசிஞ்சு இங்கிட்டு எத்தனை கிணறு வத்துச்சு, எத்தனை வீட்டு சுவரு வெடிச்சுச்சு, எல்லாருக்கும் தெரியும்தானே. இப்ப கணக்கப் பாருங்க, சுரங்கம் தோண்டுன செலவு ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்குல ஏறும், பவுசர்ல தண்ணி கொண்டாந்த செலவும் ஏறும், வெடிச்ச சுவர பூசுன சீமெந்தும் ஏறும், ஆனா வத்துன கிணத்துக்கு ஒரு சதமும் கழிக்க மாட்டாங்க. இந்த நம்பர் ஏறணும்னு நாம எதுக்கு வாயப் பொளந்துகிட்டு நிக்கணும்? மண்ணு, தண்ணி, சாப்பாடு, வீடு, இதுல எது கூடுச்சு எது கொறஞ்சுச்சுன்னு பாத்து பட்ஜெட் போடுங்கங்கிறேன்.

கணக்கப்புள்ள:
தம்பி, வளர்ச்சி இல்லன்னா எப்புடி இருக்கும்னு 2022ல பாத்தோமே. பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல சுருங்குச்சு, மாவு வெலயக் கேட்டு தோட்டத்து லயத்து வீடுகள்ல ரொட்டி சுடுறதே கொறஞ்சு போச்சு. அதுக்கு முந்தின வருசம் இயற்கை விவசாயம்னு சொல்லி திடீர்னு ரசாயன உரத்த தடை பண்ணாங்க, தேயிலைக் கொழுந்து கொறஞ்சு, சொன்ன கிலோ வராம அரைப்பேருதான், பாதி நாள் சம்பளந்தான் விழுந்துச்சு. சுற்றுச்சூழல்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது.

பண்டாரவளைப் பொடியன்:
அண்ணே, அந்த உரத்தடை டொலர் தட்டுப்பாட்டுக்கு மேல பூசுன பச்சை பெயின்ட். வளர்ச்சியக் கொறைக்கச் சொல்றது முதல்ல பணக்கார நாடுகள. தேசிய வருமானத்த கணக்கு போட்டுக் குடுத்த பொருளியலாளர் குஸ்நெட்ஸே 1934ல அமெரிக்க காங்கிரசுக்கு சொன்னாரு, இத வச்சு சனங்க நல்லா இருக்காங்களான்னு சொல்ல ஏலாதுன்னு.

கொழுந்துக்கூடை:
அமெரிக்கா இருக்கட்டும். பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல 2014 ஒக்டோபர்ல மலை சரிஞ்சு லயத்த மூடுச்சே, அந்த எடம் ஆபத்துன்னு முந்தியே சொல்லித்தான் இருந்தாங்க, போறதுக்கு காணி எங்க? அப்ப நாட்டுல வளர்ச்சி நல்லாத்தான் இருந்துச்சு. பொடியனுக்கும் ஒண்ணு, காட்டக் காப்பாத்துறோம்னு கெளம்புனா முதல்ல வெரட்டுறது வெறகு பொறுக்க வர்ற பொம்பளைங்களத்தான். காணி உறுதி எங்க பேர்ல வரட்டும், அப்புறம் மத்தத பேசுங்க.

கணக்கப்புள்ள:
காணி சரி தங்கச்சி, வீடு கட்ட காசு? 2024ல நாள் சம்பளம் 1,700 ரூபான்னு அரசாங்க வர்த்தமானி வந்ததும் தோட்டக் கம்பனிங்க கோர்ட்டுக்குப் போயி கடைசில அந்த வருசம் 1,350ல நின்னுச்சு. கம்பனி வருமானம் கொறைஞ்சா இன்னும் எப்புடி ஆடுவாங்க?

பண்டாரவளைப் பொடியன்:
கூடுனப்போ மட்டும் என்ன? 2022ல ரூபா விழுந்து கொழும்பு ஏலத்துல தேயிலை வெல ரூபா கணக்குல எகிறுச்சே, அப்ப நாள் சம்பளம் 1,000லயேதானே கெடந்துச்சு? அதுக்கு பதில சொல்லுங்கண்ணே.