நுனிக்கருகல் வந்த மரத்தின் வேப்பங்கொட்டையை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பலாமா?

கரிசல்காடு:
நாற்றங்காலுக்காக ஆடிக்குள் 20 கிலோ வேப்பங்கொட்டை அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் கருகல் இல்லை. இங்கே சில மரங்களில் கொழுந்து நுனி தீய்ந்தாற்போல் நிற்கிறது. கொட்டை வழியாக நோய் போகுமா? கார்பன்டாசிம் பூஞ்சாணக்கொல்லியில் புரட்டி அனுப்பினால் போதுமா?

வேர்முடிச்சு:
போகும். காரணமான பூஞ்சாணம் ஃபோமோப்சிஸ் அசாடிராக்டே, 1997இல் இந்தியாவில் பெயரிடப்பட்டது. இலை, கிளையோடு நிற்காது. பூங்கொத்தையும் காயையும் பிடிக்கும், ஓட்டைத் தாண்டிப் பருப்புக்கும் முளைக்கருவுக்கும் போய்விடும். கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டாசிம் ஓட்டின் மேல் இருப்பதைத்தான் நன்றாகக் கொல்லும். உள்ளே இருப்பதற்கு அதை நம்பி அனுப்ப முடியாது.

மருந்தை விட மரத்தைப் பாருங்கள். கருகல் இல்லாத மரத்தில், மஞ்சளான பழத்தைத் துணி விரித்து உலுக்கி எடுங்கள்; மண்ணில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். அன்றே சதையைப் பிசைந்து கழுவுங்கள், குவித்து வைத்தால் புளித்துச் சூடேறி முளைப்பு போய்விடும். மிதப்பதைக் கொட்டிவிட்டு நிழலில் உலர்த்தி, சாக்கில் அனுப்புங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பூத்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்தாக வேண்டும்.

நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி (கிலோவுக்கு 4 கிராம்) போடுவதானால் கார்பன்டாசிமோடு கலக்காதீர்கள். அதுவும் பூஞ்சாணம்தானே, செத்துவிடும்.

ஈரத்தாள்:
நோயுள்ள கொட்டை பார்வைக்கு நல்ல கொட்டையாகவே இருக்கும், அதுதான் சிக்கல். பைன் மரங்களைத் தாக்கும் ஃபியூசேரியம் சர்சினேட்டம் என்ற பூஞ்சாணமும் விதையில் அப்படித்தான் மறைந்திருக்கும்: தென்னாப்பிரிக்காவில் அது முதலில் தெரிந்தது 1990இல், காட்டில் அல்ல, நாற்றுப்பண்ணையில். தோட்ட மரங்களில் தெரிய 2005 ஆனது.

சோதிக்க 400 கொட்டை எடுங்கள். மூன்று அடுக்கு ஈர ஒற்றுத்தாள் போட்ட பெட்ரி தட்டில் (மூடியுள்ள வட்டத் தட்டு) பத்துப் பத்தாக வைத்து, 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு, ஏழு நாள். பிறகு லென்ஸில் பாருங்கள். கரும்புள்ளிகளிலிருந்து வெளிர்மஞ்சளாகப் பசை கசிந்தால் ஃபோமோப்சிஸ் என்று சந்தேகிக்கலாம். இனத்தை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

கரிசல்காடு:
சோதனைக்குள் விதைக்கும் நாள் கடந்துவிடுமே?

வேர்முடிச்சு:
ஏழு நாள்தானே, உலர்த்தும்போதே தொடங்குங்கள். ஒன்று: மரத்துக்கு மரம் மழைத்துளியே நோயைப் பரப்பிவிடும், தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சி குத்திய காயம் அதற்கு வாசல். கொட்டை ஆபத்தாவது நோய் இல்லாத ஊருக்குத் தாண்டும்போதுதான், உங்கள் விஷயத்தில் அதுதான் நடக்கிறது. அங்கேயே நோயற்ற மரம் இருந்தால் அந்தக் கொட்டையையே எடுக்கச் சொல்லுங்கள்.