ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த பெயரை இப்போது வைக்கலாமா?

நிலாமுற்றம்:
அமெரிக்காவில் இருக்கிறோம், அடுத்த மாதம் பெண் குழந்தை பிறக்கப் போகிறது. என்னை வளர்த்த பெரியம்மாவின் பெயர் லிண்டா, அதையே வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கணவர் வீட்டிலோ "அது பாட்டிகள் பெயராச்சே, ஒலிவியா என்று வை" என்கிறார்கள். ஒலிவியாதான் இப்போது முதலிடத்தில் இருக்கும் பெயர் என்றால் வகுப்புக்கு நாலு ஒலிவியா இருப்பார்களே என்று எனக்கு யோசனை. ஒரு பெயர் ஏன் இப்படி உச்சத்துக்குப் போய் அப்புறம் காணாமல் போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுக்காரன்:
முதலில் வாழ்த்துகள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை) வைத்திருக்கும் தளத்தில் 1880லிருந்து எல்லா ஆண்டுக்கும் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டினால் ஆண்டுவாரியாக இடம் வரும். 1880லிருந்து 1946 வரை பெண்களில் மேரிதான் முதலிடம், ஒரு ஆண்டுகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதை 1947இல் வீழ்த்தியது உங்கள் லிண்டா. அந்த ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 1 லட்சம் லிண்டாக்கள் பிறந்திருக்கிறார்கள், அதாவது பிறந்த பெண்களில் ஏறத்தாழ 18 பேருக்கு ஒருவர்! 2023இல் முதலிடத்தில் இருந்த ஒலிவியாவோ 15 ஆயிரத்துச் சொச்சம்தான், நூறு பெண்களுக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டு ஆண்டிலும் மொத்தப் பிறப்பு 36, 38 லட்சம் என்று ஏறக்குறைய ஒரே அளவுதான். பெற்றோர் ஆளுக்கொரு பெயரைத் தேடுவதால் இன்றைய முதலிடத்துக்குப் பழைய கனம் இல்லை. அதனால் வகுப்புக்கு நாலு ஒலிவியா என்ற பயம் வேண்டாம், பள்ளிக்கே நாலு பேர் இருந்தால் அதிகம்.

தென்றல்82:
லிண்டா ஏறியதற்கு அந்தப் பெயரிலேயே வந்த ஒரு பாட்டுதான் காரணம், அது 1947இல் பெரிய ஹிட். ஜெனிஃபருக்கும் அப்படித்தான், 'லவ் ஸ்டோரி' படத்தின் கதாநாயகி பெயர் ஜெனிஃபர். சினிமாவும் பாட்டும் இல்லாமல் எந்தப் பெயரும் உச்சத்துக்குப் போகாது.

ஏட்டுக்காரன்:
தென்றல், எல்லோரும் சொல்வது இதுதான், ஆனால் ஆண்டுகளை வைத்துப் பாருங்கள். அந்தப் படம் திரைக்கு வந்தது 1970 டிசம்பரில். ஜெனிஃபர் 1969இலேயே மூன்றாம் இடத்தில் இருந்தது, 1970இல் முதலிடம், அங்கேயே 1984 வரை. லிண்டாவும் 1940இலேயே முதல் பத்துக்குள் வந்துவிட்டது, பாட்டு வருவதற்கு முன்பே. ஏற்கெனவே ஊர் வாயில் புழங்கத் தொடங்கிய பெயரைத்தான் கதை எழுதுபவரும் பாட்டு எழுதுபவரும் எடுத்துக்கொள்கிறார்கள், அது இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரே அடியில் பெயரைக் கவிழ்ப்பது வேறு விஷயம், அது நிஜமாகவே நடக்கிறது: 2015இல் 6 ஆயிரம் குழந்தைகளுக்கு மேல் அலெக்ஸா என்று வைத்தார்கள், அதே பெயரில் கூப்பிடும் அமேசானின் பேசும் கருவி வீட்டுக்கு வீடு வந்ததும் சில ஆண்டுகளில் சில நூறாகச் சரிந்துவிட்டது. பாவம், அந்தப் பிள்ளைகள்.

மணிப்புறா:
நிலாமுற்றம், நான் லிண்டா பக்கம். உச்சத்தில் இருந்த பெயர் அம்மாக்கள் தலைமுறைப் பெயராகிவிட்டால் யாரும் தொட மாட்டார்கள், பாட்டியையும் தாண்டிக் கொள்ளுப்பாட்டி பெயரானால் மறுபடி அழகாகத் தெரியும். எம்மாவைப் பாருங்கள், 1880இல் மூன்றாம் இடம், 1970களில் 400க்கும் கீழே போய்க் கிடந்தது, 2008இல் முதலிடம். லிண்டாவின் உச்சம் 1947 என்றால் அதன் முறை இன்னும் வரவில்லை, அதனால்தான் வீட்டில் பாட்டி பெயர் என்கிறார்கள். ஆனால் உங்கள் மகள் வளர்ந்து நிற்கும்போது அது அரிதான நல்ல பெயராக இருக்கும். அதைவிட முக்கியம், உங்களை வளர்த்தவர் பெயர். கேலி செய்கிற பிள்ளை எந்தப் பெயரையும் கேலி செய்யும்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. அந்த 1947 கணக்கைக் கணவரிடம் காட்டினேன், பெரியம்மா காலத்துப் பெண்கள் அத்தனை பேரும் லிண்டாவாக இருந்திருக்கிறார்களே என்று அவரே ஆச்சரியப்பட்டார், இப்போது பாதி சம்மதம். எங்கள் மாநிலத்தில் மட்டும் இப்போது எத்தனை லிண்டா பிறக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா?

ஏட்டுக்காரன்:
முடியும், மாநிலவாரிக் கணக்கு 1910லிருந்து அதே தளத்தில் தனியாக இருக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு மாநிலத்தில் ஒரு பெயர் ஆண்டுக்கு 5 பேருக்கும் குறைவாக இருந்தால் பட்டியலில் வராது. அப்புறம், எழுத்து மாறினால் தனிப் பெயராகத்தான் எண்ணுவார்கள், லிண்டாவை ஐ போட்டு எழுதுவதும் ஒய் போட்டு எழுதுவதும் வேறு வேறு வரி. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.